இடது காது போன வருஷம்

நோயிலிருந்து எழுந்து வந்தவர்களை எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிற்றுக்கிழமை முன்னால் அழைத்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் பேசினால் என் வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிந்துவிடுகிறது, அது ஒரு காரணம். நான் சொல்ல வேண்டியது ஐந்து நிமிடத்தில் முடிகிற கதையும் இல்லை. நடுவில் நான் சொன்ன ஒரு பொய் அதில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்வதற்கு எழுதுவதுதான் வசதி. இதே நோய் வந்தவர் யாராவது படித்தால் அவருக்கும் உதவும்.

என் பெயர் தேவராஜ். வயது நாற்பத்தாறு. ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடியில் வீடு. மனைவி லில்லி, பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். நான் பதினெட்டு வருஷம் தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, எங்கள் தீவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கே கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்குகிற ஒரு கொண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டினேன். ஆறு மாடி உயரத்தில் கண்ணாடிக் கேபின். கீழே நிற்பவர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, மேலே தனியாக உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைப்பேன். எனக்குப் பிடித்த வேலை.

அன்று காலை தூறல். கீழே நின்றவர் ரோஸ்லி, பத்து வருஷமாக என்னோடு வேலை செய்பவர். ‘துங்கு’ என்றார். மலாயில் பொறு என்று அர்த்தம். எனக்கு அது ‘துருன்’ என்று கேட்டது. இறக்கு என்று அர்த்தம். நான் இறக்கினேன். லாரி ஓட்டுநர் பூட்டைச் சரிபார்க்க வண்டிமேல் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று அசைவது கண்ணில் பட்டு நிறுத்தினேன். அவர் கீழே குதித்து ஓடினார். பெட்டி அவர் தலை இருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டு நின்றது.

ஏணியில் இறங்கி வந்தேன். ரோஸ்லி திட்டவில்லை. “உனக்கு உடம்பு சரியில்லையா தேவ்?” என்று மட்டும் கேட்டார். நான் வாக்கி டாக்கியை என் வலது காதில் வைத்துக்கொண்டு அவரைப் பேசச் சொன்னேன். தெளிவாகக் கேட்டது. இடது காதில் வைத்தேன். யாரோ போர்வையை மூடிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

அன்று சாயந்திரம் லில்லியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“ஒரு வருஷமா நீங்க போனை வலது காதுலதான் வைக்கிறீங்க. இடது பக்கம் நின்னு பேசினா பதில் வராது. கேட்டா கோவிச்சுக்கிறீங்க. நாளைக்கே கிளினிக் போவோம்லா.”

கிளினிக்கிலிருந்து தீவிலிருக்கும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதலில் காதுப் பரிசோதனை. சத்தம் வராத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாறிய பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. காந்தத்தால் படம் எடுக்கிற இயந்திரம். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, தலை அசையாதபடி கூண்டு மாட்டி, கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்து கட்டி இருக்கிற இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும். வலி கிடையாது, ஆனால் முக்கால் மணி நேரம் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். கேபினில் தனியாக இருந்து பழகியவன் என்பதால் எனக்கு அந்தக் குழாய் பயமாக இல்லை. முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாள்தான் பயமாக இருந்தது.

முடிவைச் சொன்னவர் டாக்டர் அஸ்லினா, மூளை அறுவை சிகிச்சை நிபுணர். சின்ன உருவம், மெதுவான பேச்சு. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இது புற்றுநோய் இல்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின்மேல் வளர்ந்த கட்டி. உடம்பு ஆடாமல் நிற்க உதவுவதும் அந்த நரம்புதான். கட்டி கெட்டது இல்லை, இருக்கிற இடம்தான் கெட்டது.”

திரையில் காட்டினார். லொங்கான் பழம் அளவில், பெரிய நெல்லிக்காய் போல, வெள்ளையாக ஒன்று மூளைத்தண்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மூச்சு, விழுங்குவது, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் நடத்துகிற இடம் அது. சின்னக் கட்டியாக இருந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது வருஷத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது அந்த அளவைத் தாண்டிவிட்டது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னதாகத் திறந்து எடுக்க வேண்டும். இடது காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தி நிச்சயம் போய்விடும். முகத்தை அசைக்கிற நரம்பும் கட்டியின்மேல் ஒட்டிக்கொண்டுதான் போகிறது, அதற்கும் அடிபடலாம்.

“கிரேன்?” என்று கேட்டேன்.

அவர் சுற்றிவளைக்கவில்லை. “உயரத்தில் வேலை இனி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.”

அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் வெள்ளிக்கிழமை தோறும் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிப்போம். அதை நடத்துபவர் சாமுவேல் அண்ணன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர். யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் முதலில் கதவைத் தட்டுபவர் அவர்தான். என் செய்தி கேட்டதும் வந்து, என் தலைமேல் கைவைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். லில்லி வேலைக்குப் போயிருந்தாள். எழுந்து போகும்போது சொன்னார்.

“தம்பி, கத்தி வைக்க விடாதீங்க. ஒருதடவ கத்தி வெச்சா அதோட முடிஞ்சிரும். ஆண்டவர் தொட்டா அந்தக் கட்டி கரைஞ்சிரும். விசுவாசம் இருக்கா உங்களுக்கு?”

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்கு இனிப்பாக இருந்தது. காது போகாது, முகம் கோணாது, கேபினுக்குத் திரும்பிப் போகலாம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னேன். டாக்டரிடம் கேட்டு வேறு தேதி சொல்கிறோம், ஆனால் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று எச்சரித்தார்கள். நான் சரி சரி என்றேன். லில்லியிடம், “ஆஸ்பத்திரில ஆள் நெறைய, தேதிய மாத்திட்டாங்க” என்று சொன்னேன். அதுதான் நான் சொன்ன பொய். அதைச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நின்று பாடினேன்.

ஆறு வாரம் ஓடியது. வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் தலைவலியோடு எழுந்தேன், நடந்தால் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போனது. கட்டி கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை லில்லியோடு சௌராஸ்தா பசாருக்கு மீன் வாங்கப் போனேன். மீன் கடையில் நின்றிருந்தபோது தரை ஒரு பக்கம் சரிந்தது. மீன் விற்ற சீனப் பெண்மணி இரண்டு பேராகத் தெரிந்தார். பிடித்துக்கொள்ள எதையோ எட்டினேன். ஐஸ் தட்டோடு கீழே விழுந்து வாந்தி எடுத்தேன். அந்தப் பெண்மணி ஈரக் கையோடு ஓடிவந்து என் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். லில்லி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அவசரப் பிரிவில் மறுபடியும் படம் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருந்தது. மூளைக்குள் ஓடுகிற நீர் போக வழியில்லாமல் தேங்கத் தொடங்கியிருந்தது. தலைவலியும் இரட்டைப் பார்வையும் அதனால் வந்தவை. மூன்று நாளில் அறுவை சிகிச்சை என்றார்கள். இவ்வளவு நாள் ஏன் தேதி கொடுக்கவில்லை என்று லில்லி கேட்டிருக்கிறாள். அங்கிருந்த தாதி பதிவைப் பார்த்துவிட்டு, “தள்ளிவைக்கச் சொன்னது உங்கள் கணவர்தானே” என்று சொல்லியிருக்கிறார்.

லில்லி வார்டுக்குள் வந்து என் கட்டிலின் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“சாமுவேல் அண்ணே வந்து ஜெபிச்ச மறுநாள்தான் தேதி மாறுச்சு. அவர் என்ன சொன்னாருன்னு இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன். நீங்க என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?”

“ஆண்டவர நம்பினேன் லில்லி.”

“இல்லங்க. நீங்க கத்திக்குப் பயந்தீங்க. அதுக்கு ஆண்டவர் பேர வெச்சுக்கிட்டீங்க. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து பயந்திருப்பேன்லா.”

அவள் என் காலில் இன்னும் ஒட்டியிருந்த மீன் செதிலை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். இருபது வருஷத்தில் நான் அவளிடம் சரியாகக் கேட்ட முதல் மன்னிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் பார்வை நேரத்தில் சாமுவேல் அண்ணன் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார், உட்காரவில்லை.

“என் வீட்டுக்காரம்மா எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல தம்பி?”

தெரியாது. எங்கள் அடுக்குமாடிக்கு அவர் வருவதற்கு முன்பே நடந்தது அது.

“ஆப்பரேஷன் மேசைலதான் போனாங்க. வயித்துல கட்டி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்னிலேருந்து கத்தின்னு கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. உங்கள்ட்ட பேசினது விசுவாசம் இல்ல தம்பி, என் நடுக்கம். நேத்து லில்லி போன்ல கேட்டப்பதான் எனக்கே அது தெரிஞ்சுச்சு.”

அறுபத்தெட்டு வயது மனிதர் வார்டின் நடுவில் நின்று அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட அந்தக் கையோடு இத்தனை வருஷம் அவர் எப்படி வாழ்ந்தார் என்று மட்டும் நினைத்தேன்.

“ஜெபிக்கட்டுமா?” என்று தயங்கிக் கேட்டார்.

லில்லிதான் பதில் சொன்னாள். “ஜெபிங்கண்ணே. டாக்டரோட கைக்காக ஜெபிங்க.”

அவர் அப்படியே செய்தார். டாக்டர் அஸ்லினா அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்க வேண்டும், காலையில் பசியாற வேண்டும், அவருடைய கண்ணும் விரலும் களைக்கக்கூடாது என்று பெயர் சொல்லி ஜெபித்தார். மயக்கம் கொடுப்பவருக்காகவும், கருவிகளைக் கழுவிக் கொடுப்பவருக்காகவும் ஜெபித்தார். நான் கேட்டதிலேயே நல்ல ஜெபம் அது.

அவர்கள் போன பிறகு மதியம் வார்டு அடங்கியது. மின்விசிறி ஓடுகிற சத்தம் வலது காதில் மட்டும் கேட்டது. நான் வழக்கம்போலத் தொடங்கினேன். ஆண்டவரே, முகத்தைக் காப்பாற்றும். ஆண்டவரே, நடக்க வையும். ஆண்டவரே, வேலை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. இரண்டு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு வாக்கி டாக்கி நினைவுக்கு வந்தது. அதில் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கக் குரல் வராது. கையை எடுக்க வேண்டும்.

பேச்சை நிறுத்தினேன். குரல் ஒன்றும் வரவில்லை, வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் யாரோ பக்கத்தில் இருக்கும்போது வருகிற மௌனம் வேறு, ஆளில்லாத அறையின் மௌனம் வேறு. இரண்டும் எனக்குத் தெரியும், பதினெட்டு வருஷம் தனியாக உட்கார்ந்தவன் நான். அன்று ஆளிருந்தது. சாவேனா பிழைப்பேனா என்று தெரியாமலேயே தூங்கிப் போனேன். சாப்பாட்டுத் தட்டு வைத்த சத்தத்தில்தான் விழித்தேன்.

அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்ததாம். எனக்கு மயக்க மருந்து முகமூடியும் தீவிர சிகிச்சைப் பிரிவின் விளக்கும்தான் தெரியும். நடுவில் இருந்த ஒன்பது மணி நேரமும் லில்லியுடையது. சாமுவேல் அண்ணன் அவளோடு வெளியே உட்கார்ந்திருந்தார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவள் வாங்கிக் கொடுத்த ரொட்டியை இரண்டு பேருமே தொடவில்லை.

கண் விழித்ததும் உலகம் சுழன்றது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கூரை, விளக்கு, தாதியின் முகம் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு பக்க சமநிலை நரம்பு போய்விட்டதால், இன்னொரு பக்கத்தை மட்டும் வைத்து நிற்க மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை இப்படித்தான். இடது முகம் பல் டாக்டர் ஊசி போட்டதுபோல் மரத்திருந்தது. இடது கண் மூடவில்லை. மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு, தூங்கும்போது இமையை இழுத்து ஒட்டுத்துணி ஒட்ட வேண்டும். அதை லில்லி தாதியிடம் ஒரே தடவை பார்த்துக் கற்றுக்கொண்டாள். தொழிற்சாலையில் நுண்ணிய பாகங்களைப் பொருத்திப் பழகிய விரல்கள் அவளுடையவை.

ஐந்தாம் நாள் கழிப்பறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பாதி முகம் இறங்கி, சிரிக்க முயன்றால் மற்றப் பாதி மட்டும் மேலே ஏறியது. அன்று நான் ஜெபிக்கவில்லை. லில்லியிடம் கோபமாக, “இதுக்குத்தான் இவ்ளோ ஜெபமா?” என்று கேட்டேன்.

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, “இன்னிக்கு உங்களுக்கு முடியலன்னா விடுங்க. நான் ரெண்டு பேருக்கும் சேத்து ஜெபிச்சுக்கிறேன். நாளைக்கு நீங்க செய்ங்க” என்றாள்.

மறுநாள் செய்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ‘ஆண்டவரே, இன்னிக்கு’ என்று இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டு எழுந்து நிற்பேன். இயன்முறை சிகிச்சை கொடுத்தவர் சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். செய்தால் குமட்டும். குமட்டினாலும் செய்ய வேண்டும், குமட்டக் குமட்டத்தான் மூளை கற்றுக்கொள்ளும் என்றார். கற்றேன். முதல் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை. நான்காம் நாள் நடைபாதையின் பாதி. பத்தாம் நாள் நடைபாதை முழுக்க, சுவரைத் தொடாமல். எனக்கு நிம்மதி ஒரு நாளில் வந்து இறங்கவில்லை. இந்த இரண்டு சொல்லையும் இந்தப் பயிற்சியையும் தினமும் செய்து செய்துதான் அது என்னோடு தங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு சாமுவேல் அண்ணன் தினமும் சாயந்திரம் வருவார். கீழே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி என்னை நடத்துவார். என் வலது பக்கமாகத்தான் நடப்பார், அவர் பேச்சு எனக்குக் கேட்க வேண்டுமே. லில்லி கட்டிலில் இடம் மாறிப் படுத்தாள். கோயிலிலும் எங்கள் பெஞ்சில் எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகச் செய்தது.

முதல் திருவிருந்தன்று எனக்குத் தயக்கம். கிண்ணத்திலிருந்து திராட்சரசம் குடித்தால் ஓரத்தில் வழியும். வழிந்தது, வெள்ளைச் சட்டையில் சிவப்பாக. போதகர் தன் கைத்துணியால் என் மோவாயைத் துடைத்துவிட்டு, அடுத்தவரிடம் போனார்.

ஏழு மாதம் கழித்து யார்டில் தரைவேலை கொடுத்தார்கள். கிரேனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். முதல் வேலையாக எல்லாருக்கும் காதுப் பரிசோதனை கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினேன். ரோஸ்லியும் கையெழுத்திட்டார். மூன்று முறை எழுதிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்த லாரி ஓட்டுநரைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆனதால் போன மாதம் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் அஸ்லினா திரையைத் திருப்பிக் காட்டினார். பெரிய கட்டி இருந்த இடம் காலி. முக நரம்பை ஒட்டி ஒரு அரிசி அளவு மட்டும் வெள்ளை. அதையும் சுரண்டியிருந்தால் முகம் முழுவதும் போயிருக்கும், அதனால்தான் வேண்டுமென்றே விட்டேன் என்றார்.

“அது வளருமா?” என்று லில்லி கேட்டாள்.

“வளரலாம். பலருக்கு அப்படியே இருந்துவிடுகிறது. அடுத்த வருஷம் பார்ப்போம்.”

“அதுக்கு அடுத்த வருஷம்?”

“அப்போதும் பார்ப்போம்.”

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். பேருந்து நிற்குமிடத்தில் லில்லி, “பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு. ஒனக்கு?”

“எனக்கும்தான்.”

“பசிக்குதா?”

“பசிக்குது.”

லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைக் கடைக்குப் போனோம். மதிய நேரம், நெரிசல். இலையில் சோறு விழுந்தது. வெளியே சாப்பிடும்போது நான் ஒருநாளும் கண்மூடி ஜெபித்தவன் இல்லை. நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சம், மனதுக்குள் முடித்துவிடுவேன். அன்று கண்ணை மூடினேன். வலது கண் முழுவதும் மூடியது, இடது கண் முக்கால்வாசி. வாய்விட்டு, கோணிய வாயாலேயே, சோற்றுக்கும் டாக்டருக்கும் லில்லிக்கும் சாமுவேல் அண்ணனுக்கும் அந்த அரிசி அளவுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

கண் திறந்தபோது பரிமாறும் அக்கா ரசக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கத்தில் காத்து நின்றார். நெற்றியில் திருநீறு. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

“முடிஞ்சிருச்சாண்ணே?” என்றார்.

“இன்னிக்குள்ளது முடிஞ்சிருச்சுக்கா,” என்றேன். “ஊத்துங்க.”